எடுத்த படமும் எழுதிய தாளும்

(எழுவைதீவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய திரைக்கதைக் கைப்பிரதிகளைத் தேடிச் சேர்ப்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி வரவேண்டிய ஒரு சிறு தீவில், படமாளிகை ஒன்றும் இல்லாத ஊரில், இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ச் சினிமா என்றதும் எல்லோரும் எடுத்துச் சொல்லும் படங்களில் இரண்டு நம்முடைய தீவகத்தோடு தொடர்புள்ளவை. ஒன்று ‘வாடைக்காற்று’. அதன் கதை நெடுந்தீவுக் கரையில் நடப்பது. மற்றது ‘பொன்மணி’. அதை எழுதியவர் தன் பெயருக்கு முன்னாலேயே ஊர்காவற்றுறையைச் சுமந்த காவலூர் ராஜதுரை. இந்த இரண்டு படங்களும் முதலில் பிறந்தது படச்சுருளில் அல்ல, தாளில். அந்தத் தாள்களைத் தேட வேண்டிய கடமை வேறு யாரையும்விட நமக்குத்தான் முதலில் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் ‘சமுதாயம்’. 1962ஆம் ஆண்டு, 16 மில்லிமீற்றர் சுருளில், ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களக் கலைஞர் இயக்கினார். அடுத்த ஆண்டே மலையகத்தைக் களமாகக் கொண்டு கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ 35 மில்லிமீற்றரில் வந்தது. 1966இல் எம். வேதநாயகம் ஷேக்ஸ்பியரின் ஹம்லெட் நாடகத்தைத் தழுவி ‘கடமையின் எல்லை’யை எடுத்தார். 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்தார். 1976இல் வந்த ‘கோமாளிகள்’, எஸ். ராம்தாஸின் வானொலித் தொடர் நாடகத்திலிருந்து உருவானது. 1977இல் ‘பொன்மணி’, 1978இல் ‘வாடைக்காற்று’. இந்த வரலாற்றை ஊர் ஊராக விசாரித்து ஒரு நூலாக எழுதி வைத்தவர் தம்பிஐயா தேவதாஸ். 1994இல் வந்த அவருடைய ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ இல்லையென்றால் இந்தப் பெயர்களில் பாதி நமக்கு மறந்தே போயிருக்கும்.

சரி, இந்தப் படங்கள் இன்று எங்கே? பலவற்றின் பிரதிகள் இல்லை. இந்தியப் படங்கள் மலைபோலக் குவிந்த சந்தையில் நம்முடைய படம் ஒன்றுக்குக் கிடைத்த இடம் சிறியது. அதனால் எடுத்த பிரதிகளும் சிலவே. அவை ஊர் ஊராக ஓடித் தேய்ந்தன. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில், கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்த மூலச்சுருள்கள் எரிந்தன. எரிந்தவற்றில் சிங்களப் படங்களின் சுருள்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தீ எந்த இனத்தின் கலையையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. எரிந்த நூலகத்தை மீளக் கட்டும் பணியில் கட்டடக் கலைஞராக நின்றவரும் ‘குத்துவிளக்கு’ தயாரித்த துரைராஜாதான். ஒரே மனிதர் படம் எடுத்தார், நூலகத்தையும் எழுப்பினார். படத்தையும் நூலையும் வேறு வேறு காரியமாக அந்தத் தலைமுறை நினைக்கவில்லை. நாம்தான் நூலைக் காப்பாற்ற வேண்டிய பொருள் என்றும், படத்தைப் பார்த்து மறக்க வேண்டிய பொருள் என்றும் பிரித்துவிட்டோம்.

தப்பிய சுருளுக்கும் நம்முடைய காலநிலை பகை. அசற்றேற் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணக்கும். அந்த மணம் வந்துவிட்டால் சிதைவை மெதுவாக்கலாம், மீட்க முடியாது. தாள் அப்படியல்ல. கறையானும் தண்ணீரும் தீண்டாமல் இருந்தால், பழுப்பேறி முனை உடைந்தாலும் எழுத்து நிற்கும். படம் போன பிறகும் திரைக்கதை இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். தமிழகத்திலும் இதே நிலைதான். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றை இன்று நாம் அறிவது, கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் வழியாகத்தான். அவற்றில் கதைச் சுருக்கம் இருக்கும், நடிகர் பட்டியல் இருக்கும், பாட்டுக்கள் இருக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் அப்படிப்பட்ட அச்சுப் பொருள்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. யாரும் பெறுமதி இல்லை என்று எறிந்ததை ஒருவர் எடுத்து வைத்ததனால் ஒரு சமூகத்தின் நினைவு பிழைத்தது.

திரைக்கதையின் ஆரம்பப் படிவத்தை, வெட்டும் திருத்தமும் நிறைந்த தாளை, நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? படம் இருந்தால் போதாதா? போதாது. படம் முடிவைச் சொல்லும். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைத் தாள் சொல்லும்.

உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு. 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் திரைக்கதையில் ஹேர்மன் மான்கீவிச், ஓர்சன் வெல்ஸ் என்ற இருவரின் பெயர் இருக்கிறது. 1971இல் போலின் கேல் என்ற விமர்சகர் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பெருமை முழுவதும் மான்கீவிச்சுக்கே உரியது என்று வாதாடினார். பெரிய சர்ச்சை. யார் சொல்வதை நம்புவது? ராபர்ட் காரிஞ்சர் என்ற பேராசிரியர் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, படநிறுவனத்தின் கோப்புகளில் இருந்த திரைக்கதைப் படிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒப்பிட்டார். ‘அமெரிக்கன்’ என்ற பெயரில் தொடங்கிய முதற் படிவம் படிப்படியாக எப்படி மாறியது, எந்தக் காட்சி எப்போது நுழைந்தது, எது எப்போது விழுந்தது என்று காட்டினார். வெல்ஸின் பங்கும் பெரியது என்பது தாளிலிருந்தே தெளிவாயிற்று. அந்தப் படிவங்களை யாரோ குப்பைக்குப் போடாமல் கோப்பில் இட்டு வைத்ததனால் ஒரு வழக்குத் தீர்ந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் பக்கத்துக்கு அருகே. சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்தபோது வழக்கமான முழுத் திரைக்கதை எழுதவில்லை. காட்சிகளைப் படங்களாக வரைந்து, அருகே குறிப்பு எழுதிய ஒரு வரைகொப்பியே அவருக்குத் திரைக்கதை. அதைப் பாரிஸில் உள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பிற்காலத்தில் தேடியபோது மூலக் கொப்பி அங்கே அகப்படவில்லை. எஞ்சிய ஒரு மின்பிரதியை வைத்துத்தான் 2016இல் அது நூலாக வந்தது. இதில் நமக்கு இரண்டு பாடம். பெரிய காப்பகத்தில் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக உறங்கிவிட முடியாது. ஒரு பொருளுக்கு ஒரே பிரதி இருக்குமட்டும் அது ஆபத்திலேயே இருக்கிறது.

தமிழில் புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டுகளில் அவர் சினிமாவுக்கு எழுதினார். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனேவுக்குப் போனவர் காசநோய் முற்றித் திரும்பி, 1948 ஜூன் 30ஆம் திகதி திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அவருடைய சிறுகதைகளைப் பழைய பத்திரிகைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பே கொண்டுவந்தார். அதே கை திரைக்கு எழுதிய தாள்களை அதே மரியாதையோடு நம் இலக்கிய உலகம் தேடியதா? தேடவில்லை. சினிமாவுக்கு எழுதியது கூலிக்கு எழுதியது, அது இலக்கியமாகாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருந்தது. அந்த எண்ணம் பல மூட்டைத் தாள்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது.

இப்போது ‘வாடைக்காற்று’க்கு வருகிறேன். செங்கை ஆழியான் எழுதிய நாவல். வாடை பெயர்ந்ததும் தொழில் தேடி நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் அடிக்கும் மீனவர்கள், அந்த மண்ணிலே பிறந்தவர்கள், இரு சாராருக்கும் இடையில் முளைக்கும் நேசமும் பகையும். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். செம்பியன் செல்வன் வசனம் எழுதினார்.

நாவலாசிரியருக்குக் காற்றை எழுதுவது எளிது. ‘வாடை பெயர்ந்தது’ என்று ஒரு வரி போதும், வாசகர் மனத்தில் குளிர் ஏறிவிடும். திரைக்கதை எழுதுபவருக்கு அந்த வரியால் பயனில்லை. காற்றைக் கமெரா காணாது. காற்றுப்பட்டு அசைவதைத்தான் காணும். அதனால் அவர் தாளின் இடப்பக்கத்தில், காட்சி விவரத்துக்கான இடத்தில், எழுதத் தொடங்க வேண்டும்: பனந்தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, கரையில் விரித்த வலையின் ஓரம் எழுந்து விழுகிறது, வாடிக் கூரையின் ஓலை படபடக்கிறது, துறையில் கட்டிய வள்ளம் கயிற்றை இழுக்கிறது. இவற்றில் எதை முதலில் வைப்பது, எதை விடுவது? எழுதியவர் ஒன்றை எழுதி வெட்டியிருப்பார், வேறொன்றை ஓரத்தில் சேர்த்திருப்பார். எழுவைதீவில் பிறந்த உங்களுக்கு வாடை பெயர்ந்ததை முதலில் எது சொல்லும் என்று தெரியும். அந்த வெட்டையும் சேர்ப்பையும் உங்களைவிடச் சரியாக வாசிக்கக் கூடியவர் வேறு யார்? அச்சில் வந்த நாவல் நம் கையில் இருக்கிறது. நாவலுக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தாள்கள் கிடைத்தால், ஒரு தீவின் வாழ்க்கை சொல்லிலிருந்து காட்சிக்கு மாறிய வழி முழுவதும் துலங்கும்.

அடுத்தது வசனம். நம் ஆரம்பப் படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் கோடம்பாக்கத்துத் தமிழ் பேசின. யாழ்ப்பாணத்துப் படலையைத் திறந்து வரும் தாய் சென்னைப் படத்துத் தாய் போலப் பேசினாள். பார்ப்பவர்களுக்கும் அதுவே சினிமாத் தமிழ் என்று பழகிப்போயிருந்தது. எழுபதுகளில் வந்த நல்ல படங்கள் இதை மாற்றின. ‘என்ன சொல்லுறியள்’, ‘இஞ்சை வா பிள்ளை’ என்று நம்முடைய வீட்டுப் பேச்சு திரையில் ஒலிக்கத் துணிந்தது. அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததாக நான் நம்பவில்லை. எழுத்தாளர் முதலில் எப்படி எழுதினார், இந்தப் பேச்சு எல்லோருக்கும் விளங்குமா என்று தயாரிப்பாளர் தயங்கினாரா, நடிகர் தன் வாய்க்கு ஏற்ப மாற்றினாரா என்பதையெல்லாம் திருத்திய படிவம் ஒன்றுதான் காட்டும். முடிந்த படத்தில் அந்தத் தயக்கம் தெரியாது. ஒரு சமூகம் தன் குரலைத் திரையில் கண்டெடுத்த கதை அந்த அடித்தல் திருத்தல்களில்தான் இருக்கிறது. வானொலி நாடகங்களின் பிரதிகளையும் இதோடு சேர்த்தே தேட வேண்டும். ‘கோமாளிகள்’ போன்ற படத்துக்கு வானொலிப் பிரதிதான் முதற் படிவம்.

‘பொன்மணி’யின் சிறப்பு இன்னும் ஒரு படி மேலே. கரம்பொன்னில் பிறந்து, சிறுகதைகள் எழுதி, இலங்கை வானொலியிலும் பணியாற்றிய காவலூர் ராஜதுரை அதை எழுதினார். இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, சிங்களச் சினிமாவின் புதிய அலையைத் தொடக்கியவர்களில் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிங்களம் கற்பித்தவர். சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்துப் பெண்களின் வாழ்வை நெரிப்பதை அந்தப் படம் கூச்சல் இல்லாமல் சொன்னது. கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் அதில் நடித்தார்கள். ஓர் இனத்தின் எழுத்தாளர் தன் சமூகத்தின் குற்றத்தை எழுதுகிறார், மற்ற இனத்தின் கலைஞர் அதை நேர்மையோடு படமாக்குகிறார். இருவரும் எங்கே உடன்பட்டார்கள், எங்கே முரண்பட்டார்கள்? எந்தக் காட்சியில் பேச்சைக் குறைத்து மௌனத்தை வைத்தார்கள்? அந்த உரையாடலின் சுவடு படிவங்களில்தான் இருக்க முடியும். 1977இல், இந்த நாட்டில் கலவரம் எழுந்த அதே ஆண்டில் வெளிவந்த ஒரு படத்துக்காக, இரு மொழிக்காரர் ஒரே தாளின் மேல் குனிந்து வேலை செய்தார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. காவலூர் ராஜதுரை 2014இல் சிட்னியில் மறைந்தார். செங்கை ஆழியான் 2016இல், பத்திராஜா 2018இல். ஆனால் உதவி இயக்குநராக நின்றவர்கள், ஒரு காட்சியில் வந்து போனவர்கள், தட்டச்சுச் செய்தவர்கள், படப்பிடிப்புக்கு வள்ளம் கொடுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய இடப்பெயர்வில் தீவகத்து வீடுகள் திறந்தபடி கிடந்தன. பெட்டகங்களில் இருந்தவை போயின. போனதற்காக அழுதுகொண்டே இருந்தால், எடுத்துச் சென்றவர்கள் கையில் இருப்பதும் போய்விடும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் நம்மவர் வீட்டு நிலவறைகளில் அடைத்த பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. கேட்க வேண்டியது நாம்.

எதைத் தேடுவது? அட்டை போட்ட முழுத் திரைக்கதை கிடைத்தால் பாக்கியம். பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. கிடைப்பவை துண்டுகள்: நடிகர் தன் பங்கு வசனத்தை மட்டும் எழுதி வைத்த பாடசாலைக் கொப்பி, புல்ஸ்காப் தாளில் தட்டச்சுச் செய்த காபன் பிரதி, சைக்ளோஸ்டைல் தாள்கள், எந்த நாள் எந்தக் காட்சி என்ற பட்டியல், தயாரிப்பாளர் எழுதிய கடிதம், பாட்டுப் புத்தகம், விளம்பர நோட்டீஸ். இடப்பக்கம் காட்சி விவரமும் வலப்பக்கம் வசனமுமாக நடுவில் கோடு கிழித்த தாளைக் கண்டால் கவனமாகப் பாருங்கள், அது திரைக்கதையாக இருக்கலாம். இலங்கைத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் பழைய கோப்புகளையும் பல்கலைக்கழகத்தார் தேடிப் பார்க்க வேண்டும்.

கிடைத்ததை எப்படிப் பேணுவது? இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தாள்களின் ஒழுங்கைக் குலைக்காதீர்கள். பக்க எண் தவறாகத் தெரிந்தாலும் இருந்தபடியே முதலில் படம் எடுங்கள். துருப்பிடித்த கிளிப்பையும் குண்டூசியையும் மெதுவாக அகற்றுங்கள், துரு தாளைத் தின்னும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையும் கொண்டு போகும். லமினேற் செய்யவே வேண்டாம், செய்தால் திரும்ப எடுக்க முடியாது. நனைந்த தாளை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். வெட்டிய வரிகளையும் ஓரக் குறிப்புகளையும் தேவையில்லாதது என்று விடாமல், பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அந்தத் தாள் யாரிடம் இருந்தது, எப்படி அவர் கைக்கு வந்தது, அதில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எவ்வளவு அரிய கைப்பிரதியும் பேரில்லாத அனாதை.

மூலத்தை உரியவரிடமிருந்து பறிக்க வேண்டிய அவசியம் இல்லை. விலை பேசவும் வேண்டாம். விலை பேசத் தொடங்கினால் ஒரு திரைக்கதை பத்துத் துண்டாகிப் பத்துப் பேர் அலமாரிக்குப் போகும். வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் வீட்டிலேயே மின்பிரதி எடுத்து, மூலத்தை அவரிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் பாதுகாத்து உலகம் முழுவதும் இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறது. கிடைப்பவற்றை அங்கே சேர்ப்பிக்கலாம். எழுவைதீவில் காற்றும் சூரியனும் டீசல் இயந்திரமும் சேர்ந்து மின்சாரம் தரும் நிலையம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கையில் நல்ல கமெரா உள்ள தொலைபேசி இருக்கிறது. இதற்காகக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகத் தேவையில்லை.

ஒரு மொழிக்காரர் தம் கவிஞனின் ஏட்டுச் சுவடியைத் தேடி ஊர் ஊராக நடந்த வரலாறு நமக்குப் புதிதல்ல. உ. வே. சாமிநாதையரும், நம் மண்ணின் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்த வேலையைச் செய்ததனால்தான் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. அவர்கள் தேடிய காலத்தில் ஏட்டை எழுதியவர் யாரும் உயிரோடு இல்லை. நமக்கு அந்தக் குறை இல்லை. இந்தத் தாள்களை எழுதியவர்களோடு பழகியவர்கள் இன்று நம் அயல்வீட்டில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தத் தவணையிலேயே உங்கள் உயர்வகுப்பு மாணவர்களை ஊரிலுள்ள மூத்தவர்களிடம் அனுப்புங்கள். நாடகமோ படமோ வானொலியோ, அவர்கள் கை பட்ட எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். கிடைப்பது ஒரே ஒரு கிழிந்த கொப்பியாக இருந்தாலும் அதை எழுதி வையுங்கள். படச்சுருள் எரிந்த நாட்டில் படத்தை மீட்கும் வழி இதுதான், இதைச் செய்ய வேண்டிய ஆட்களும் நாம்தான்.